முயலின் காதும் நம்ம பிடிவாதமும்

போன ஐப்பசியில் எங்க வீட்டு முயல் ஒண்ணு செத்துப்போச்சு. வெள்ளைப் பெட்டை. பேத்தி அதுக்குப் ‘பஞ்சு’ன்னு பேர் வெச்சிருந்தா. வந்த நோய் சாதாரண காதுச் சொறிதான். ரெண்டு மூணு ஊசியில் தீர்ந்திருக்கும். ஆனா ரெண்டு மாசம் நான் வேப்பெண்ணெயை மட்டுமே விட்டுக்கிட்டு இருந்தேன். ‘இயற்கை விவசாயி வீட்டில் இங்கிலீஷ் மருந்தா?’ என்கிற வீம்பு. அந்த வீம்பைப் பத்தி நம்ம தோழர்களிடம் வெளிப்படையாப் பேசணும்னுதான் இதை எழுதுகிறேன்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்று, கவரைப்பேட்டைக்கு மேற்கே ரெண்டரை ஏக்கரில் நெல்லும் கத்திரி, மிளகாயும் வெச்சிருக்கேன். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம்தான். ஆலையில் வேலை செய்கிறவங்க குடியிருக்கும் வாடகை வீட்டு வரிசைகளில், மாடியிலும் சந்திலும் முயல் கூண்டு இப்போ சகஜம். பிள்ளைகளுக்கு விளையாட்டு, கொஞ்சம் கீரைத்தண்டு, புல் போதும். எனக்கு இன்னொரு லாபமும் உண்டு. முயல் புழுக்கை மண்புழுத் தொட்டிக்குப் போகும். ரெண்டா வாங்கி வந்தது அஞ்சாச்சு.

ஆவணி மாசத்தில் பஞ்சு தலையை உதறிக்கிட்டே இருந்தது. பின்னங்காலால் காதைச் சொறிஞ்சது. காதைத் திருப்பிப் பார்த்தா, கடலைப் புண்ணாக்கைப் பொடிச்சு அப்பின மாதிரி பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காப் பொருக்கு. வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து விட்டேன். நாலு நாளில் பொருக்கு ஊறி உதிர்ந்தது, அரிப்பு குறைஞ்சது. வெற்றின்னு நெனச்சு விட்டுட்டேன். மூணு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் குணம், மறுபடியும் சொறி. “என்னங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்களேன்”னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. நான் கேட்கலை.

மூணாவது தடவை வந்தப்போ பஞ்சுவின் கழுத்து ஒருபக்கமாச் சாய்ஞ்சுபோச்சு. தூக்கிக்கிட்டு ஓடினேன். சின்ன வயசு டாக்டரம்மா. “ஐயா, புண் வழியாக் கிருமி உள்காது வரைக்கும் போயிருக்கு. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா சுலபம்”னாங்க. அதுக்குள்ள தீனி எடுக்கிறதையும் நிறுத்தியிருந்தது. முயல் ஒருநாள் தின்னாம இருந்தாலே குடல் ஓட்டம் நின்னுபோகும். மூணாம் நாள் காலையில் கூண்டில் அசைவில்லை.

இந்தப் பூச்சி யாருன்னு முதலில் பார்ப்போம். மிளகாய், கத்திரியில் நாம பார்க்கிற செஞ்சிலந்திப் பேனுக்கு இது தூரத்துச் சொந்தம். எட்டுக்கால் சிற்றுண்ணி. அறிவியல் பேர் சோரோப்டிஸ் குனிகுலி. தோலைத் துளைச்சு உள்ளே போகாது. மேலேயே இருந்து குத்தி, கசியும் நீரை உறிஞ்சும். அந்தக் கசிவு காய்ஞ்சுதான் பொருக்கு ஆகுது. பொருக்கில் கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் துணியில் தட்டி லென்ஸில் பார்த்தா, வெள்ளைப் புள்ளி ஊர்ந்து போறது தெரியும். முட்டை நாலு நாள் வாக்கில் பொரிக்கும். அது வளர்ந்து மறுபடி முட்டை போட மொத்தம் மூணு வாரம். என் எண்ணெய் வைத்தியம் ஏன் சரியா மூணு வாரத்துக்கு ஒருதரம் தோத்ததுன்னு இப்போ புரியுதா?

இன்னொரு சங்கதியும் இருக்கு. முயல் உடம்பை விட்டு இறங்கினாலும், ஈரப்பதமும் குளிர்ச்சியும் இருந்தா இது மூணு வாரம் வரைக்கும் உயிரோட இருக்கும். நம்ம பக்கம் பழவேற்காட்டுக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கூண்டுப் பலகை காயவே காயாது. அதுக்கு இதைவிட வசதி வேற வேணுமா?

வங்கிக்காரன் பாஷையில் சொன்னா, எண்ணெய் விடுறது வட்டி கட்டுற மாதிரி. இன்னைக்கு நெருக்கடி தீரும். முட்டை, பொருக்குக்கு அடியில் ஒளிஞ்ச பூச்சி, காதை விட்டு உடம்பு ரோமத்தில் ஏறினது, பக்கத்து முயலில் இருக்கிறது, கூண்டில் கிடக்கிறது — இதெல்லாம் அசல். அசல் அப்படியே இருக்க, கடன் எப்படித் தீரும்? எண்ணெயை நான் குறை சொல்லலை. பட்ட இடத்தில் பூச்சியை மூச்சு முட்ட வைக்கும், பொருக்கையும் ஊற வைக்கும். ஆரம்ப நிலையில், ஒரே முயல்னா, விடாமல் வாரக்கணக்கில் செய்தால் பலன் கிடைக்கலாம். ஆனா புண்ணான காதில் தினம் கைவைத்தால் அந்த ஜீவனுக்கு எவ்வளவு வலி! வாயில்லாத முயல் வலியைக் கத்திச் சொல்லாது. அதனால நமக்கு அது தெரியறதில்லை.

டாக்டரம்மா மீதி நாலு முயலுக்கும் போட்டது ஐவர்மெக்டின் ஊசி. ‘ரசாயனம்’னு நான் ஒதுக்கின மருந்து. அது எங்கிருந்து வந்ததுன்னு அப்புறம்தான் படிச்சேன். 1970களில் ஜப்பானில் சடோஷி ஓமுரா என்கிற விஞ்ஞானி, கவானா என்ற ஊரில் ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணை எடுத்தார். அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரில்தான் இந்த மருந்தின் மூலம் கிடைச்சது. அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதை ஆராய்ந்து மருந்தாக்க வழி செய்தார். 1981இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. மனுஷங்களுக்கும் யானைக்கால் நோய் ஒழிப்பில் பயன்படுது. 2015இல் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. மண்ணில் வாழும் நுண்ணுயிரை நாம ஜீவாமிர்தத்தில் கொண்டாடுறோம். அதே கூட்டத்தில் ஒண்ணு தந்த மருந்தைக் கண்டு ஓடுறோம்.

அதுக்காக ‘மண்ணில் இருந்து வந்தது, ஆபத்தே இல்லை’ன்னும் சொல்லக் கூடாது. வேப்பெண்ணெயில் நான் செய்த தப்பு அதுதானே. ஐவர்மெக்டின் உடம்பில் இருந்து சாணம் வழியா வெளியே வரும். சாண வண்டுகளுக்கும் சாணத்தில் வளரும் மற்ற பூச்சிகளின் புழுக்களுக்கும் அது கெடுதல். அதனால ஊசி போட்ட முயலின் புழுக்கையை மண்புழுத் தொட்டியில் போடாதீங்க. வெயிலும் காற்றும் படும் இடத்தில் தனிக் குவியலா மக்க விடுங்க. மாசாமாசம் ‘முன்னெச்சரிக்கை’ன்னு ஊசி போடுறதும் வேண்டாம். நோய் இருந்தா மட்டும்தான்.

நம்ம விதிமுறையே இதைத்தான் சொல்லுது. கரிமச் சான்றுக்கான தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிகளில், வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலங்கின் நலன்தான் முதலில். வேற நியாயமான வழி இல்லாதப்போ வழக்கமான கால்நடை மருந்தைக் கொடுக்கலாம். இறைச்சிக்கு விற்கிறவங்க, சட்டப்படி காத்திருக்க வேண்டிய நாளைப் போல ரெண்டு மடங்காவது காத்திருக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை. நான் கட்டிக் காத்த ‘கொள்கை’ எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது என் மனசில் இருந்தது மட்டும்தான்.

இனி செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் சுருக்கமாச் சொல்றேன்.

ஊசி ஒண்ணோட நிறுத்தாதீங்க. இந்த மருந்து முட்டையைக் கொல்லாது. பொரிச்சு வரும் குஞ்சுகளைப் பிடிக்க, 10 முதல் 14 நாள் இடைவெளியில் டாக்டர் சொல்ற தவணை முழுக்கப் போடணும். பொதுவா ரெண்டு அல்லது மூணு. ஒரு தவணை தவறினாலும் கணக்கு முதலில் இருந்து ஆரம்பம்.

சொறி தெரியற முயலுக்கு மட்டும் போடாதீங்க. கூட இருக்கிற எல்லா முயலுக்கும் ஒரே நாளில் போடணும்.

அதே நாளில் கூண்டையும் பாருங்க. சாக்கு, வைக்கோல், உளுத்த பலகையை எரிச்சிடுங்க. கம்பி வலைக்கு நெருப்புத் துப்பாக்கி காட்டுங்க. மீதியைக் கழுவி நல்ல வெயிலில் காயப் போடுங்க. ஒவ்வொரு தவணையின் போதும் இதையே செய்யணும்.

பொருக்கை நகத்தால் பிய்க்காதீங்க, ரத்தம் வரும். மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்தில் தானா உதிரும்.

கற்பூரம் கலந்த எண்ணெய் வேண்டாம். முயல் தன்னையும் நக்கும், பக்கத்து முயலையும் நக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனா விஷம்.

நாய்க்கு உண்ணி மருந்துன்னு கடையில் தரும் ஃபிப்ரோனில் தெளிப்பையோ சொட்டையோ முயலுக்குப் போட்டா உயிரே போகலாம். நெல்லுக்குப் போடும் பூச்சிக்கொல்லியிலும் இதே ஃபிப்ரோனில்தான். வயலை விட்டு விரட்டினதை வீட்டுக் கூண்டுக்குள் விடலாமா?

ஐவர்மெக்டினையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. கணக்கைப் பாருங்க. மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத மருந்து, 300 கிலோ மாட்டுக்கு 6 மில்லி. ரெண்டு கிலோ முயலுக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கண் அளவில் ஊத்துற விஷயமா இது?

புதுசா வாங்கும் முயலை மூணு வாரம் தனிக் கூண்டில் வைங்க. எங்க வீட்டுக்கு இந்தப் பூச்சி வந்த வழி அனேகமா அதுதான்.

“மேனேஜர் சார், முயலுக்குப் போய் டாக்டரா?”ன்னு எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சிரிச்சார். பக்கத்து மருந்தகத்தில் மாட்டுக்கு இருக்கிற அதே புட்டியில்தான் முயலுக்கும் மருந்து இருக்கு. கேட்டால்தான் கிடைக்கும். சிக்கலான நோய்னா கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினா சென்ட்ரல். அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். 1903இல் இருந்து நடக்கிற கல்லூரி.

நம்ம இயக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டங்களில் பூச்சிவிரட்டி செய்முறை சொல்றோம். எந்த இடத்தில் கைவைத்தியத்தை நிறுத்திட்டு டாக்டரிடம் போகணும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். என் யோசனை இது: மூணு நாளில் வலி குறையலைன்னாலோ, குறைஞ்ச நோய் ஒருதரம் திரும்பி வந்தாலோ, அத்தோடு கைவைத்தியம் போதும். என்ன மருந்து, எந்த தேதி, எத்தனை தவணைன்னு ஒரு நோட்டில் எழுதணும். பொய் சொல்லாமல், மறைக்காமல் எழுதணும். ஒரு ஊசி போட்டதால் நம்ம விவசாயம் கெட்டுப்போகாது. வலியில் துடிக்கிற ஜீவனுக்கு முன்னாடி கொள்கை பேசிக்கிட்டு நின்னாதான் கெட்டுப்போகும்.

மீதி நாலு முயலும் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில் பேத்தி ஒவ்வொண்ணா மடியில் வெச்சுக் காதைத் திருப்பிப் பார்க்கிறா. போன வாரம் ஒண்ணைப் பார்த்துட்டு, “தாத்தா, இதுக்கு ஏதோ சிவப்பா இருக்கு. நாளைக்கே போலாமா?”ன்னு கேட்டா. மறுநாள் காலை எட்டு மணிக்கு மருந்தக வாசலில் நின்னோம். வெறும் கீறல்தானாம். திரும்பி வரும்போது ரெண்டு பேருக்குமே நிம்மதியா இருந்தது.