எறும்பு வரும் வழி



கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, பத்து மணி கடந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் குரு இல்லத்தின் கதவைத் தட்டினார். எறும்புக்குக் கோடு கிழிப்பதற்கென வாங்கி வைத்திருந்த மருந்துச் சாக்பீஸை, பலகையில் எழுதும் சாக்பீஸ் என்று எண்ணி, அவருடைய மூன்று வயது மகள் வாயிலிட்டு மென்றுவிட்டாள். மருத்துவமனைக்கு விரைந்தோம். விடியும் வேளையில்தான், ஆபத்து நீங்கியது என்று மருத்துவர் கூறினார். அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த அத்தாய் அப்போது நம்மிடம் கேட்டார்: “சாமி, வேறு என்னதான் செய்வது? அரிசியிலும் எறும்பு, பாலிலும் எறும்பு, பிள்ளையின் பாயிலும் எறும்பு.”

அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் கற்றும் கேட்டும் செய்தும் பார்த்து அறிந்தவற்றை இம்மாதம் எழுதுகின்றோம்.

முதலில், எறும்பு எவ்வாறு வருகிறது என்பதை அறிதல் வேண்டும். இரை தேடித் தனியே அலையும் எறும்பு ஒன்று, சிந்திய சர்க்கரையைக் காண்கிறது. கூட்டுக்குத் திரும்புகையில் தன் வயிற்றின் நுனியைத் தரையில் தோய்த்து, நம் மூக்குக்கு எட்டாத ஒரு மணத்தைக் கோடாக இட்டுச் செல்கிறது. மற்றவை அக்கோட்டைப் பின்பற்றி வருகின்றன. இரையுடன் திரும்பும் ஒவ்வொன்றும் அதே கோட்டின்மேல் மேலும் மணத்தை இடுகிறது. இரை தீர்ந்தால் மணம் இடுவார் இல்லை. கோடு தானே மங்கி மறைகிறது. எனவே நாம் அழிக்க வேண்டியவை இரண்டு: வருவதற்குரிய காரணம், வரும் வழி. இவ்விரண்டும் இருக்கும்வரை ஆயிரம் எறும்புகளைக் கொன்றாலும் ஆயிரத்தோராவது வந்தே தீரும்.

காரணத்தை நீக்குவது எளிது. சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றை இறுக மூடும் கொள்கலன்களில் இடுங்கள். மூடியின் திருகுப் பள்ளத்தில் படிந்திருக்கும் வெல்லப் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். பலர் மறந்துவிடும் இடம் அதுவே. இரவில் எச்சில் பாத்திரங்களைத் தேய்க்க இயலாவிடில், தண்ணீரிலாவது மூழ்க வையுங்கள். குழந்தைகள் தின்பண்டத்தைப் படுக்கையில் வைத்துத் தின்னும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

அடுத்து வழியை அழித்தல். சாரை சாரையாகச் செல்லும் எறும்புகளைக் கண்டவுடன் அடித்துச் சிதறவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து, அவை எந்தப் பொந்திலிருந்து வருகின்றன என்று பாருங்கள். பின்னர், சிறிது சோப்பைக் கரைத்த நீரில் துணியை நனைத்து, அப்பொந்துவரை கோடு முழுவதையும் அழுந்தத் துடையுங்கள். வெறும் நீர் போதாது. சோப்பு நீரே அம்மணத்தை நன்கு நீக்கும், எறும்பையும் கொல்லும். வினிகரும் நீரும் சம அளவாகக் கலந்தும் துடைக்கலாம். தரை உலர்ந்ததும் பொந்தைச் சிமெண்டாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ அடைத்துவிடுங்கள். அதுவரை மஞ்சள்தூளையோ சலித்த அடுப்புச் சாம்பலையோ வாயிலில் தூவி வைக்கலாம். இவை எறும்பைக் கொல்வதில்லை. உலர்ந்திருக்கும் வரை தடுக்கும், அவ்வளவே.

உணவு வைக்கும் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய முறையை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அதனினும் சிறந்த முறையை நாம் கண்டதில்லை. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அலமாரி சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் சுவரே பாலமாகிவிடும். கிண்ணத்து நீரை வாரம் இருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்ப வேண்டும். இல்லையேல் எறும்பைத் தடுக்கப்போய், டெங்கு பரப்பும் கொசுவை வளர்த்தவர் ஆவோம். நீரில் ஒரு துளி சோப்புக் கரைசலை விட்டால், நீரின் மேற்பரப்பில் நடந்து கடக்க முயலும் எறும்பு மூழ்கிவிடும்.

இவையெல்லாம் செய்தும், சுவருக்குள்ளிருந்து வாரக்கணக்கில் எறும்பு வருமாயின், கூட்டில் இராணி இருக்கிறாள் என்று பொருள். அங்கே மருந்தைப் பீய்ச்சுவது சில வேளைகளில் தீமையைப் பெருக்கும். வெளிர்மஞ்சள் நிறமுடைய மிகச் சிறிய எறும்பு ஒன்று உண்டு. 1758-ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் அதற்குப் பார்வோனின் பெயரைச் சூட்டினார். அதன் கூட்டில் இராணிகள் பலர். மருந்து பீய்ச்சிக் கலைத்தால் கூடு பிரிந்து, ஒன்று பலவாகிவிடும்.

இத்தகைய எறும்புக்கு இரை வைப்பதே வழி. ஒரு குவளை வெந்நீரில் 8 தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி போரிக் அமிலப் பொடியும் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பியில் வைக்க வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டக்கூடாது. உண்ட எறும்பு உடனே இறந்துவிட்டால், கூட்டிலிருக்கும் இராணிக்கு அதை யார் கொண்டுபோய் ஊட்டுவது? பலன் தெரியச் சில நாட்கள், சில வேளை சில வாரங்களும் ஆகும்.

ஆனால் இதுவும் நஞ்சே என்பதை மறவாதீர்கள். தவழும் குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ உள்ள வீட்டில் இம்முறை வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரமும் இவ்வினத்ததே. அதைத் தேனில் குழைத்துக் குழந்தையின் வாய்ப்புண்ணில் தடவும் வழக்கத்தையும் இத்துடன் விட்டுவிடுங்கள். அதனால் பச்சிளங் குழந்தைகளுக்கு வலிப்பு உண்டானதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இயற்கையாகக் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகி விடாது.

நம் இளமையில், நெடிவீசும் பி.எச்.சி. பொடியை அடுக்களை மூலைகளில் அச்சமின்றித் தூவினார்கள். 1997-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. நேற்று அனைவரும் தூவியது இன்று விலக்கப்பட்டதாயிற்று. ஆதலால், எந்த மருந்தையும் உணவு டப்பாக்களுக்கு அருகில் வைக்காதீர்கள். உணவு டப்பாவில் மாற்றி வைக்கவும் வேண்டாம். குழந்தை தவறி விழுங்கிவிட்டால், வாயில் விரலிட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் கோவிலிலும் இத்தொல்லை இருந்தது. திருப்பலிக்குரிய திராட்சை இரசக் குப்பியைத் தேடி நாள்தோறும் எறும்புகள் வந்தன. கோவில்பிள்ளை மருந்துப் பொடி வாங்கப் புறப்பட்டார். நாம் தடுத்து, குப்பியைத் துடைத்து, நீர் நிரம்பிய தட்டின் நடுவில் வைக்கச் சொன்னோம். மூன்றாம் நாளிலிருந்து எறும்பைக் காணோம், காசும் செலவாகவில்லை.

தோட்டத்து எறும்பை அங்கேயே விட்டுவிடுங்கள். அது கறையானைத் தின்கிறது, மண்ணைக் கிளறுகிறது. சோம்பேறியே, எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்னும் கருத்தை நீதிமொழிகள் நூலும் கூறுகிறது. அது கற்பிக்கும் சுறுசுறுப்பை, இரவில் அடுக்களையைத் துடைத்துவிட்டு உறங்கச் செல்வதில் காட்டுவோமாக.

அச்சிறுமி இப்போது நலமாயிருக்கிறாள். சென்ற வாரம் அவள் இல்லம் சென்றிருந்தோம். அலமாரியின் நான்கு கால்களும் கிண்ணங்களில் நின்றன. சுவரில் மட்டும் சாக்பீஸ் கோடுகள் காணப்பட்டன. உற்று நோக்கினோம், அவை அவள் எழுதிப் பழகிய ‘அ’ என்னும் எழுத்துகள்.