பாய்ந்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர்

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, ரிவர்சைட் மாவட்டத்தில், லேக் எல்சினோர் என்றொரு பட்டினம் இருக்கின்றது. ஆண்டில் ஒரு வார இறுதியில், வழக்கமாக நவம்பர் மாதத்தில், அப்பட்டினத்தின் கடைத்தெரு வாகனப் போக்குவரத்துக்கு மூடப்படும். தெருவின் இரு மருங்கிலும் வைக்கோற் கட்டுகள் அடுக்கப்படும். கடைவாசலிற் புறப்படுகின்ற மோட்டார் சைக்கிள்கள் புழுதிக் குன்றுகளில் ஏறி, பள்ளங்களில் இறங்கி, சேறும் தூசும் அப்பிய கோலத்துடன் மீண்டும் அதே கடைத்தெருவுக்கு வந்து சேரும். சிறுவருக்கு ஒரு போட்டி, பெண்களுக்கு ஒரு போட்டி, முதியவர்களுக்கு ஒரு போட்டி, பழைய வண்டிகளுக்கு ஒரு போட்டி என்று ஊரே திருவிழாக் கோலங் கொள்ளும். நம்முடைய மாட்டுவண்டிச் சவாரித் திடலைக் கண்டு பழகிய கமக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

எல்சினோர் கிரான் பிறீ என வழங்கும் இவ்விழா 1968இல் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாலாயிரம் பேருக்கும் குறைந்த சனத்தொகை கொண்டிருந்த அப்பட்டினத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர் கூடினர் என்றால் அதன் கவர்ச்சியை ஊகித்துக்கொள்ளலாம். 1971இல் புரூஸ் பிறவுண் எடுத்த ‘ஒன் எனி சண்டே’ என்ற செய்திப்படம் இப்போட்டியை உலகறியச் செய்தது. ஜப்பானிய ஹொண்டா நிறுவனம் 1973இல் வெளியிட்ட தன் பந்தய வண்டிக்கு எல்சினோர் என்றே பெயர் சூட்டியது. எழுபதுகளில் நின்றுபோன விழா 1996இல் புத்துயிர் பெற்றது.

நாம் இவ்விழாவைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் வேறு. இதன் வேர் சினிமாச் சாகசத் தொழிலிலே இருக்கின்றது. 1963இல் வெளியான ‘த கிரேட் எஸ்கேப்’ என்ற படத்தில், சிறையிலிருந்து தப்பியோடும் வீரன் மோட்டார் சைக்கிளில் முட்கம்பி வேலியைத் தாண்டிப் பாயும் காட்சியைக் கண்டு வியவாதார் யார்? பாய்ந்தவர் நடிகர் ஸ்டீவ் மக்குயீன் என்றே உலகம் நம்பியது. உண்மையிற் பாய்ந்தவர் பட் எக்கின்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் வியாபாரி. நாயகனின் கால் முறிந்தால் படம் நின்றுவிடும். ஆகையால் அவரைப் பாயவிடவில்லை. எக்கின்ஸின் கால் முறிந்தால்? அக்கேள்விக்கு முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை.

மக்குயீனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பாய்ந்தவர் எக்கின்ஸே என்று அவர் ஒளியாமற் சொன்னவர். இருவரும் நண்பர்கள், 1964இல் கிழக்கு ஜேர்மனியின் ஏர்பூர்ட் நகரில் நடந்த ஆறுநாட் சோதனைப் போட்டியிலே அமெரிக்க அணியில் ஒன்றாக ஓட்டினர். அங்கே எக்கின்ஸின் கால் முறிந்தது என்பது வேறு கதை. ஆனால் ஒருவருடைய நேர்மையினால் ஒரு தொழிலின் அநீதி நீங்கிவிடாது.

எல்சினோரின் சிறப்பு இங்கேதான் தோன்றுகின்றது. படத்திலே பதிலாள் உண்டு; பந்தயத்திலே பதிலாள் கிடையாது. 1970ஆம் ஆண்டுப் போட்டியில் மக்குயீனும் ஓட்டினார். ஹார்வி மஷ்மன் என்ற புனைபெயரில் பதிவு செய்துகொள்வது அவருக்கு வழக்கம். கோடானுகோடி மக்கள் அறிந்த அந்த முகத்துக்குப் புழுதி எவ்விதச் சலுகையும் காட்டவில்லை. வென்றவர் மல்கம் சிமித். எவன் ஓட்டினானோ அவன் பெயரே ஒலிபெருக்கியிற் கூறப்பட்டது. ஸ்ரூடியோ வாசலிற் கிடைக்காத இந்த எளிய நீதி, ஒரு நாட்டுப்புறக் கடைத்தெருவிலே கிடைத்தது.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். இணங்கியவனுக்கு இழைக்கப்படுவது ஊறு அன்று என்பது உரோமர் காலந்தொட்டு வரும் கோட்பாடு. விளையாட்டில் இயல்பாகவே அடங்கியுள்ள ஆபத்தை ஆடுபவன் ஏற்றுக்கொள்கிறான் என்பதைக் கலிபோர்ணியா உயர் நீதிமன்றம் 1992இல் நைட் எதிர் ஜூவெட் என்ற வழக்கிலே தெளிவுபடுத்தியது. எல்சினோர் மேட்டில் விழுந்து கையை முறித்துக்கொள்பவனுக்கு இது பொருந்தும். அவன் தன் பணத்தைக் கட்டி, தன் விருப்பத்துக்கு ஓட வந்தவன். வேண்டாமென்றால் வீட்டிலிருக்கலாம், அன்றைய சோற்றுக்குக் குறைவு வராது.

கூலிக்குப் பாய்பவன் நிலை அதுவா? அவன் மறுத்தால் நாளைக்கு வேறொருவன் அழைக்கப்படுவான். அவனுடைய இணக்கம் வயிறு கொடுத்த இணக்கம். இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் நாகரிக நாடுகள் வேலையாளின் நட்டஈட்டை இணக்கக் கோட்பாட்டிலிருந்து பிரித்தெடுத்தன. நமது நாட்டிலும் 1934ஆம் ஆண்டு முதல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருந்து வருகின்றது. “அவன் தெரிந்துதானே செய்தான்” என்ற வாதம் திடலில் எடுபடலாம். தொழிற்களத்தில் அது நீதியன்று.

ஹொலிவூட்டின் ஒஸ்கார்ச் சபை இத்தொழிலாளரை எப்படி நடத்தியது? 1967இல் யக்கிமா கனட் என்பவருக்கும் 2012இல் ஹால் நீடாம் என்பவருக்கும் கௌரவ விருது அளித்தது. சாகசக் காட்சி அமைப்புக்கெனத் தனி விருது 2028 முதல் வழங்கப்படும் என்று 2025 ஏப்பிரிலில்தான் அறிவித்தது. எக்கின்ஸ் 2007இலேயே காலமாகிவிட்டார். இருந்தாலும் விருதை வரவேற்கிறோம். ஆனால் விருது காட்சியை அமைப்பவருக்கு. விழுபவனுடைய குடும்பத்துக்கு அதனால் ஒரு பிடி அரிசியும் வரப்போவதில்லை. அறிவிப்பு வந்து மூன்று மாதம் கழிந்த சில நாட்களில், 2025 ஜூலையில், தமிழகத்தின் நாகப்பட்டின மாவட்டத்திலே கார் கவிழும் காட்சி ஒன்றைப் படமாக்கியபோது ஒரு சாகசத் தொழிலாளி உயிரிழந்தார். நம்மவர் காசு கொடுத்துப் பார்க்கும் படங்கள் அந்நாட்டிலிருந்து வருபவை என்பதை நினைவூட்ட வேண்டுமா?

ஆகவே, விருதுக்கு முன்னர் வேண்டியவை மூன்று. பாய்ந்தவன் பெயர் திரையிலே, வாசிக்கக்கூடிய எழுத்தில், வரவேண்டும். படப்பிடிப்புத் தொடங்குமுன் காப்புறுதிப் பத்திரம் அவன் கைக்கு வரவேண்டும். ஆபத்து மிகுந்ததெனக் கண்டால், கூலியை இழவாமல் மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலே எழுதப்படல் வேண்டும். முதலிரண்டையும் முதலாளிகள் முணுமுணுத்துக்கொண்டேனும் தருவர். மூன்றாவதைத் தொழிற்சங்கம் நின்று பெற்றாலன்றித் தரமாட்டார்கள்.