மூன்று தடவை எழுது

ஒன்றாம் வகுப்புப் பையன். கணக்கை ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனை நோண்டுகிறான். தண்டனை? அதே கணக்கைப் பத்துத் தடவை எழுதணும். போரடிக்குது என்றவனுக்கு இன்னும் கொஞ்சம் போர்!

திருவண்ணாமலை வாத்தியார்களாவது யோசிக்கலாம். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. ஒருமுறை கேட்டாலே பாடம் மனசில் நிற்கிற வேங்கடராமன், இலக்கணத்தைப் படிக்காததற்காக மூன்று தடவை இம்போசிஷன் எழுத உட்கார்ந்தான். இரண்டோடு நோட்டைத் தள்ளிவைத்தான். அன்றைக்கே இந்த ஊருக்குக் கிளம்பிவிட்டான். கிரிவலப் பாதையில் ரமணர் என்று நீங்கள் கும்பிடுவது அந்தப் பையனைத்தான் சார்.

நோண்டினால் கண்டியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் முதலில் அவனுக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று கொடுங்க. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அதற்கேது நேரம் என்பீர்கள். பத்துத் தடவை எழுதியதைத் திருத்த மட்டும் நேரம் இருக்கிறதா?