விலைக்கு வந்த பொருளும் நம் வாயும்



பழைய கண்ணாடிச் சாமான்கள் மேல் எனக்கு இருக்கும் கிறுக்கு உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் வாரத்துக்கு இரண்டு பேராவது ஒரு படத்தை அனுப்பி, "சார், இது விலைக்கு வந்திருக்கு, அசலா?" என்று கேட்கிறீர்கள். அதையும் குழுவில், எல்லார் முன்னாலும் கேட்கிறீர்கள். இனி அப்படிக் கேட்டால் பதில் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணம் என் தவறு ஒன்றுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு அம்மா, காலமான மாமனாரின் மருந்துக்கடையில் இருந்த ஆறு நீலக் கண்ணாடி பாட்டில்களை 9,000 ரூபாய்க்கு விற்க முன்வந்தார். வாங்க ஒருவர் சம்மதித்தும் இருந்தார். அந்தப் படத்தைக் குழுவில் போட்டு ஒருவர் என்னைக் கேட்டார். நானும் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல எழுதினேன்.

பழைய பாட்டில்களை அச்சுக்குள் வாயால் ஊதிச் செய்துவிட்டு, வாய்ப்பகுதியைத் தனியாகக் கையால் முடிப்பார்கள். அதனால் அச்சின் மூட்டுக்கோடு பெரும்பாலும் கழுத்தோடு நின்றுவிடும். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு, இயந்திரத்தில் செய்த பாட்டில்களில் கோடு உதடு வரை ஏறும். "படத்தில் கோடு உதடு வரை தெரிகிறது. இவை பிற்காலத்துச் சரக்கு" என்று முடித்தேன். நாற்பது பேர் கைகூப்பிப் பாராட்டினீர்கள்.

வாங்க இருந்தவர் பின்வாங்கிவிட்டார். ஆறும் கடைசியில் 2,000 ரூபாய்க்குப் போயின. வாங்கியவர் யார் தெரியுமா? குழுவில் என்னிடம் கேட்ட அதே ஆள்தான்! திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டிலை ஆசையாக என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். விரலால் தடவிப் பார்த்தேன். கோடு கழுத்தோடு நின்றிருந்தது. படத்தில் நான் பார்த்தது சன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு.

அந்த அம்மாவை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன் சார்" என்றார். இத்தனை வருடம் வாங்கிய மரியாதை அன்றுதான் எனக்குச் சுமையாகத் தெரிந்தது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவன் மாட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்தவனாக இருந்தாலும், கேட்காமல் வாய் திறக்கமாட்டான். பழம்பொருள் சேகரிப்பவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. விற்பனையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பொதுவில் பேசுவதில்லை. விற்று முடிந்த பிறகு தாராளமாகப் பேசலாம். முன்பு இது எனக்குப் பணக்காரர்களின் நாகரிகமாகப் பட்டது. இப்போது அதன் நியாயம் புரிகிறது.

நான் புகழ்ந்தால் விலை ஏறும். அமைதியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தவருக்கு நஷ்டம். நான் மட்டம் தட்டினால் விலை விழும், விற்பவருக்கு நஷ்டம். இரண்டிலும் எனக்கு மட்டும் காலணா நஷ்டம் இல்லை. அடுத்தவர் மடியில் கைவைத்துவிட்டு அறிவு என்று அதற்குப் பெயர் சூட்டுகிறோம்.

மேலும் கண்ணாடி, படத்தை நம்பிச் சொல்லக்கூடிய பொருளே இல்லை. அடிப்பக்கத் தேய்மானம், பிடிகம்பியிலிருந்து பிரித்த வடு, எடை, எல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும். யுரேனியம் கலந்த கண்ணாடியா என்று பார்க்கக்கூட இருட்டும் புற ஊதா விளக்கும் வேண்டும்.

"அப்படியானால் ஏமாற்றுக்காரனைப் பார்த்தும் சும்மா இருப்பதா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரான்ஸின் எமில் காலே பாணியில் ருமேனியாவில் செய்யும் பூச்சாடிகளில், காலே பெயரோடு 'டிப்' என்ற சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லைத் தேய்த்து அழித்துவிட்டு அசல் என்று விற்பவர்கள் உண்டு. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் விற்பவரிடம் தனியாகக் கேளுங்கள். தெரியாமல் விற்பவர் திருத்திக்கொள்வார். தெரிந்தே தொடர்ந்தால் எல்லாருக்கும் சொல்லுங்கள்; ஆனால் கையில் எடுத்துப் பார்த்த ஆதாரத்தோடு சொல்லுங்கள். மோசடியைத் தடுப்பது கடமை. ஊகத்தைத் தீர்ப்பாகச் சொல்வது கடமை அல்ல.

ஆகவே இனி என் பழக்கம் இது. வாங்க நினைப்பவர் தனியாகக் கேட்கலாம். கேட்கும்போதே "நான் வாங்கப் போகிறேன்" அல்லது "விற்பவர் என் சொந்தக்காரர்" என்று சொல்லிவிட வேண்டும். படத்தை மட்டும் வைத்து அசல், போலி என்று சொல்லமாட்டேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்வேன். கண்ணாடியின் வயதை அறியும் முறைகளைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் குழுவில் பேசலாம். என் அலமாரியில் இருப்பவற்றையே உதாரணம் காட்டுகிறேன்; அவை விலைக்கு இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இப்போது நான் திருத்துகிற இடத்தில் இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்