நான்காவது கூறு

செவிலியர் மருந்தெழுதலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது நகரியத்தின் இலக்கிய அன்பர்களிடமிருந்து தவறாமல் வந்து விழும் சொல் 'அரைவைத்தியம்'. கதையிலும் கவிதையிலும் எளியோர் பக்கம் நிற்பவர்கள், நோய்ப்படுக்கை என்று வந்தவுடன் பட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இந்தச் சாய்வை நாம் மறுக்கிறோம்.

'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல் உழைச்செல்வானையும் சேர்க்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவரும் மருத்துவத்தின் ஒரு கூறு என்பது அவர் கணக்கு. குறளைக் காட்டிச் சட்டம் இயற்றச் சொல்லவில்லை நாம். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்திவிட்டு, வெளியே வந்ததும் நான்காவது கூறை மறந்துவிடுகிறோமே என்றுதான் கேட்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவரின் தந்தையை நெஞ்சுவலியோடு நள்ளிரவில் ஒரு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். பணியில் இருந்த மூத்த செவிலியர் இ.சி.ஜி. தாளைப் பார்த்த கணத்தில் மாரடைப்பு என்று உணர்ந்துகொண்டார். ஆயினும் மருத்துவர் தொலைபேசியில் கிடைக்கும்வரை ஓர் ஆஸ்பிரின் மாத்திரையைக்கூடத் தாமாகக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. நாற்பது நிமிடம் கடந்தது. அந்தத் தந்தை பிழைத்தார். இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. அங்கே அறிவுக்குக் குறைவில்லை. அறிந்ததைச் செய்யும் உரிமைதான் இல்லை.

இந்த நிலை இயற்கையாக வந்ததன்று. விடுதலைக்கு முன்பு எல்.எம்.பி. எனப்பட்ட உரிமப் பட்டயம் பெற்ற மருத்துவர்கள் இருந்தார்கள். போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது, பதிவு பெற்ற சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் அவ்வகையினர். இனி ஒரே தரப் பட்ட மருத்துவர் போதும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. உறுப்பினர் சிலர் உடன்படாமல் மறுப்பு எழுதினர். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் நகரத்தில் படித்தவர் நகரத்திலேயே தங்கிவிட, சிற்றூருக்குக் கிடைத்தது எத்தரமும் அற்ற போலி மருத்துவர். அரைவைத்தியத்தை வளர்த்தது அந்த வெற்றிடம் என்க.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், சமூக சுகாதார வழங்குநர் என்றொரு வரையறுத்த உரிமத்துக்கு இடமளித்தது. அதனையும் உள்ளிட்டு எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் அதற்கு விடை கண்டார்கள். கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பச்சிளங்குழந்தைகளின் கிருமித்தொற்றைக் கண்டறியவும் வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி போடவும் வைத்தனர். 1999இல் 'லான்செட்' இதழில் வெளியான அவ்வாய்வின்படி, அவ்வூர்களில் அக்குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. இதை இரண்டாந்தரம் என்பவர் முதல்தரம் எதுவென்று சொல்லட்டும்.

மறுதரப்பின் வலுவான சான்றையும் மறைக்கலாகாது. இங்கிலாந்தில் ஜில்லியன் லெங் தலைமையிலான மீளாய்வு 2025 ஜூலையில் வெளியாயிற்று. 'மருத்துவ இணையர்' என்ற பெயர் நோயாளியைக் குழப்புவதால் 'மருத்துவ உதவியாளர்' என்று மாற்றுக. வரையறுத்த சூழல்கள் தவிர, நோய் இன்னதென்று கண்டறியப்படாதவரை அவர்கள் பார்க்கலாகாது என்று அது பரிந்துரைத்தது. அப்பணியையே ஒழிக்கச் சொல்லவில்லை. பெயர், எல்லை, மேற்பார்வை மூன்றும் தெளிவாக இருக்கட்டும் என்றது. நாமும் அதையே கேட்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நெய்வேலிக்காரர் இலண்டன் வரை போகவேண்டியதில்லை. நம் வட்டங்களிலிருந்து மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் செல்லும் சுரங்கத்தில் மேலாளர் இருக்கிறார், ஓவர்மேன் இருக்கிறார், சர்தார் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித் தகுதிச் சான்றும் தனிக் கடமையும் சட்டவிதியில் உண்டு. தம் பொறுப்பிலுள்ள பகுதியில் ஆபத்து கண்டால் ஆட்களை வெளியேற்றுவது சர்தாரின் கடமை. மேலாளர் வரட்டும் என்று அவர் கைகட்டி நிற்க முடியாது. அவரை 'அரை மேலாளர்' என்று இந்நகரில் எவரும் இகழ்ந்ததில்லை. மண்சரிவுக்கு நாம் ஏற்றுக்கொண்ட அறிவை மாரடைப்புக்கு ஏன் மறுக்கிறோம்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பொறுப்பைக் கூட்டிவிட்டு ஊதியத்தைக் கூட்டாமல் விடுவது சீர்திருத்தம் ஆகாது, அது சுரண்டல். தமிழகத்தில் 2015இல் தேர்வு வாரியத்தின் வழி ஒப்பந்த ஊதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. மேற்பயிற்சி, தேர்வு, உரிமம், அதற்கேற்ற சம்பளம், தவறினால் பொறுப்பு என எல்லாம் சேர்ந்தே வரவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அத்திட்டத்தை எதிர்ப்போரில் நாமும் இருப்போம்.

அதுவரை 'அரைவைத்தியம்' என்ற சொல்லை நம் அன்பர்கள் சற்று நிறுத்தி வைக்கட்டும். இன்றிரவும் எங்கோ ஒரு வார்டில், நோய் இன்னதென்று அறிந்த ஒருவர் தொலைபேசி ஒலிக்கக் காத்திருக்கிறார்.