316-ன்னா எந்த 316?

மக்களே, ரெண்டு வாரமா உள்ளுக்குள்ள ஒரு கடுப்பு. இங்க இறக்கி வச்சிடறேன்.

இஞ்சினியரிங் முடிச்சு ஆறு வருஷமா பொட்டி தட்டறவனுக்குத் திடீர்னு ஒரு ஆசை. அமெரிக்காவுல ஃபைனான்சியல் இஞ்சினியரிங்ல மாஸ்டர்ஸ் படிக்கணும்னு. ஜிஆர்ஈ எழுதினேன். குவாண்ட் 169, வெர்பல் 147. ஒரு கன்சல்டன்சிக்காரர் ரெண்டையும் கூட்டினார். "316, சேஃப் தம்பி. ஃபைனான்ஸ்னா கணக்குதான், வெர்பலை எவன் பாக்கறான்?" நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அஞ்சு இடத்துக்கு அப்ளிகேஷன். அஞ்சும் பட்டை நாமம்.

காரணம் யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால வெர்பல்தான் கவுத்துச்சுன்னு நான் சாதிக்க வரல. ஆனா அந்தக் கூட்டல் கணக்கு சுத்தப் பேத்தல்னு சாதிப்பேன்.

தேர்வை நடத்தற ஈடிஎஸ்ஸே, மதிப்பெண்களைக் கூட்டி ஒரே எண்ணாக்காதீங்க, தனித்தனியாப் பாருங்கன்னு பல்கலைக்கழகங்களுக்கு எழுதி வச்சிருக்கு. நம்ம ஆளுங்க மட்டும் பிளஸ் டூ கட் ஆஃப் பழக்கத்துல கூட்டிக்கிட்டே இருக்காங்க. குவாண்ட் 169 வெர்பல் 147-ம் 316. 159-ம் 157-ம் 316. குவாண்ட் 155 வெர்பல் 161-ம் 316. மூணும் ஒரே ஆளா? மூணாவது ஆளுக்கு ஃபைனான்சியல் இஞ்சினியரிங் கதவு அனேகமா அங்கேயே சாத்திடும். ரெண்டாவது ஆளும் கஷ்டம்தான்.

அப்போ முதல் ஆள், அதாவது ஐயா, ராஜாவா? அதுதான் இல்ல. குவாண்ட் பகுதியில கால்குலஸ் கிடையாது, திரிகோணமிதி கூட கிடையாது. பள்ளிக்கூடக் கணக்கு. 27 கேள்வி, 47 நிமிஷம். கார்னகி மெல்லன், பெர்க்லி, பரூக் மாதிரி இடங்கள்ல ஓடறதோ நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ், சி++. பள்ளிக்கணக்குல தப்பு பண்ணாம இருந்ததை வச்சு இதெல்லாம் உனக்கு வரும்னு எப்படி நம்புவான்? அதுக்கு டிரான்ஸ்கிரிப்டைப் புரட்டுவான். அது மட்டுமில்ல, முழுசா 170 எடுத்தாலே பெர்சென்டைல் தொண்ணூத்திச் சொச்சம்தான், 99 இல்ல. எழுதறவங்கள்ல அவ்வளவு பேர் அங்க முட்டிக்கிட்டு நிக்கறாங்க. இந்தக் கோர்ஸுக்கு வர்ற கூட்டத்துலயோ கேக்கவே வேணாம். குறைஞ்சா வெளிய தள்ளும், கூடினா உள்ள இழுக்காது. குவாண்ட் அவ்வளவுதான்.

எல்லாரும் 168, 170-ன்னு வரிசையில நிக்கும்போது பக்கத்துல இருக்கற 147 பளிச்சுனு தெரியும். "டோஃபல் நல்லா இருக்குல்ல?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். டோஃபல் உனக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு பாக்குது. வெர்பல், ஒரு வாதத்தைப் படிச்சு எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கத் தெரியுமான்னு பாக்குது. இந்தக் கோர்ஸுகளோட பேரே வேலைவாய்ப்பு அறிக்கையிலதான் நிக்குது. நாளைக்கு இன்டர்வியூல உன் மாடல் எங்க உடையும்னு டிரேடருக்கு உன்னால சொல்ல முடியுமான்னு அட்மிஷன்லயே யோசிக்க மாட்டானா?

தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு இது அநியாயம் இல்லையான்னு கேட்டா, கொஞ்சம் அநியாயம்தான். நானும் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அதுக்காக "வெர்பலை எவன் பாக்கறான்"னு பொய் சொல்லி ஒருத்தனோட அப்ளிகேஷன் காசைக் கரைக்கறது அதைவிடப் பெரிய அநியாயம். உண்மையைச் சொல்லியிருந்தா மூணு மாசம் தள்ளிப்போட்டு உருப்படியா நாலு கட்டுரை படிச்சிருப்பேன்.

மறுபடி எழுதக் காசு கட்டியாச்சு. இதுல ஒரு கூத்து பாருங்க. எந்தத் தேர்வோட மார்க்கை அனுப்பறதுன்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். ஆனா பழைய குவாண்டையும் புது வெர்பலையும் ஒட்டுப்போட்டு அனுப்ப முடியாது. அதனால அந்த 169-ஐயும் முதல்ல இருந்து சம்பாதிச்சாகணும்.