ஓமத் தண்ணீரும் ஒரு பாடமும்



இந்தத் தடவை கைவைத்தியக் குறிப்பு இல்லை. கைவைத்தியத்தால் நான் செய்யவிருந்த ஒரு பெரிய தப்பைச் சொல்லப் போகிறேன்.

ஒரகடத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ஷிப்ட் வேலைக்காரர்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். கோடி வீட்டுத் தம்பியும் அந்த பஸ்ஸில் போனவர்தான். சிறுநீரகம் கெட்டுப்போய், பெற்ற தாயே ஒன்றைக் கொடுத்து, மாற்று ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் இரவு அவர் மனைவி ஓடி வந்தாள். "அக்கா, அவருக்கு மத்தியானத்திலேர்ந்து தொப்புளைச் சுத்தி வலிக்குதாம். குமட்டுதுன்றாரு. ஜுரம் மட்டும் இல்லை."

"ஜுரம் இல்லேன்னா பயப்படாதேம்மா, வாயுவா இருக்கும்" என்று பெரிய வைத்தியர் மாதிரி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். காலையில் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. நல்லவேளை, அந்தப் பெண் என் பேச்சோடு நிற்கவில்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்கள். குடல்வால் வீங்கி, ஓட்டை விழுகிற நிலையில் இருந்ததாம்!

பிறகு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். சாதாரணமாக மலக்கட்டி அடைத்துக் குடல்வால் வீங்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இவருடைய குடல்வாலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதோ, செல்கள் ஆந்தைக் கண் போலத் தெரிந்தன. அது சைட்டோமெகலோ வைரஸின் அடையாளம்.

இந்தக் கிருமி நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, ஆயுசு முழுக்க உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். தானமாக வந்த உறுப்போடும் வரலாம். புது உறுப்பை உடம்பு ஒதுக்கித் தள்ளாதிருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. காவல்காரன் அசந்ததும் கிருமி விழித்துக்கொள்கிறது. முதல் சில மாதங்களிலோ, தடுப்பு மாத்திரையை நிறுத்திய பிறகோ இது தலைகாட்டும். குடலில் புண் உண்டாக்கும். அபூர்வமாகக் குடல்வாலையும் தாக்கும். அப்போது ஆபரேஷன் மட்டும் போதாது. கான்சைக்ளோவிர் ஊசியும் வேண்டும்.

"ஜுரமே இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன். "அதுதானம்மா ஆபத்து! ஸ்டீராய்டு ஜுரத்தையும் வலியையும் அமுக்கிவிடும். போதாததற்கு, புதுச் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில்தான் வைக்கிறோம். வலி சிறுநீரகத்திலா, குடல்வாலிலா என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று நடந்தது. 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகு, தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பெருகியது. இன்று நம் தெருவிலேயே இப்படி மறுவாழ்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கவனிப்பது பெரும்பாலும் நாம்தானே? ஆகையால் நினைவில் வையுங்கள்:

1. வயிற்றுவலி, வாந்தி, பேதி எதுவானாலும், ஜுரம் இல்லாவிட்டாலும், நடுராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

2. கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். பல மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாட்டு மருந்தும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

3. தினசரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள்.

4. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், முதல் வார்த்தையாக "உறுப்பு மாற்று ஆனவர்" என்று சொல்லி மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

5. இளம் தாய்மார்களே, குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாக இந்தக் கிருமி பரவும். துணி மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தை சாப்பிட்ட ஸ்பூனை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

சில வாரங்கள் ஊசி போட்டு, தம்பி தேறிவிட்டார். அம்மா கொடுத்த சிறுநீரகமும் பிழைத்தது. போன வாரம் பகல் ஷிப்டுக்கு பஸ் ஏறியவர், என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஓம டப்பா இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது. ஆனால் யார் வந்து வயிற்றுவலி என்றாலும், "ஆபரேஷன் ஏதும் ஆனவரா? என்ன மாத்திரை சாப்பிடறாரு?" என்று கேட்காமல் அதைத் திறப்பதில்லை!